என் கன்னத்துத் தழும்பைப் பற்றி

கதிர்,

சென்னையில் நீ நேரம் வாங்கிக் கொடுத்திருந்த தோல் மருத்துவமனைக்குப் போனேன். லேசர் செய்துகொள்ளாமல் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போயிருந்ததாகவும் பிறகு வரச் சொன்னதாகவும் அப்பா உன்னிடம் போனில் சொன்னது பொய். நீ கோபித்துக்கொள்வாய் என்று அவராகவே கட்டிய கதை அது. அந்த டாக்டர் நல்ல மனிதர். என் கன்னத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா மங்கும்மா, ஆனா முழுசாப் போகாது” என்று உள்ளதைச் சொன்னார். பிறகு, “எதுல பட்டது?” என்று கேட்டார். “அரிவாள்” என்றேன். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சொன்னதும் அந்த நாற்காலியில் என்னால் சாய்ந்து உட்கார முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சையை அம்மா பழிக்கிறாள் என்று நினைத்துவிடாதே. நம் வீட்டில் அடுப்பெரிந்ததே அதில்தான். டாக்டரம்மாவின் கிளினிக்கில் நான் உதவியாளாக இருந்தபோது நீ பள்ளிக்கூடம் விட்டு எத்தனையோ நாள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய். செல்போன் கடைக்கு மேலே மாடியில் இரண்டே அறை. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே ஒரு கட்டில், அதன் தலைமாட்டில் பெரிய விளக்கு. மச்சம் எடுக்க வருவார்கள், மரு சுட வருவார்கள், கையில் பச்சை குத்திய பழைய காதலியின் பெயரை நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அழிக்க வியர்த்துக்கொண்டு வருவார்கள். முகத்தில் பெரிய மருவோடு வந்த ஒரு கல்லூரிப் பெண், அதை எடுத்த பிறகு கண்ணாடியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சந்தோஷத்தைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதிகம் வந்தது கிழிந்த காதுகள். கம்மலின் கனத்தில் ஓட்டை நீண்டு நீண்டு அறுந்தவை கொஞ்சம். ஒரே இழுப்பில் கிழிந்தவை நிறைய. “குழந்தை இழுத்துடுச்சு டாக்டர்” என்பார்கள் எல்லோரும். கைக்குழந்தையே இல்லாதவர்களும் அதையேதான் சொல்வார்கள். டாக்டரம்மா ஒன்றும் கேட்க மாட்டார். கிழிந்து ஆறிப்போன காதை அப்படியே ஒட்ட முடியாது, உனக்குத் தெரியுமா? ஆறிய ஓரங்களை மறுபடி வெட்டிப் பச்சைப் புண்ணாக்கி, அந்த இரண்டு புண்ணையும் சேர்த்துத்தான் தைக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் அந்தக் கத்தரி நறுக்கும் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் பெண்கள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

மீனா அப்படி வந்தவள்தான். கூரத்தில் அம்மா வீடு, திருப்புட்குழியில் புருஷன் வீடு. இரண்டு காதும் கிழிந்திருந்தன. அவள் மட்டும் குழந்தை என்று சொல்லவில்லை. “எங்க வூட்டுக்காரர் ஜிமிக்கியோட புடிச்சு இழுத்துட்டார்” என்றாள், பஸ் லேட்டாக வந்தது என்று சொல்வதைப் போல. போனில் யாருடனோ சிரித்துப் பேசினாளாம். பேசியது அவள் தங்கையோடு. அன்றைக்கே அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். காது ஆறும்வரை காத்திருந்து, சிட்பண்டில் போட்டிருந்ததை எடுத்துக்கொண்டு தைக்க வந்திருந்தாள். தங்கை குழந்தைக்குக் காதுகுத்து வருகிறது, அதில் தோடு போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேறொன்றும் இல்லை.

கருடசேவை முடிந்த மறுநாள் பிற்பகல் அது. கூட்டமெல்லாம் கலைந்து ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வலது காதைத் தைத்து முடித்துவிட்டு டாக்டரம்மா இடது காதின் ஓரங்களை வெட்டத் தொடங்கியிருந்தார். நான் அவருக்கு டீ போடலாம் என்று முன்னறைக்கு வந்து, கதவோரத்து மேஜையில் இருந்த கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தேன். மாடிப்படியில் ஒருவன் ஏறி வந்தான். வெள்ளைச் சட்டை, தலையைப் படிய வாரியிருந்தான். கல்யாண வீட்டுக்கு வந்தவனைப் போலத்தான் இருந்தான். “இங்க மீனான்னு ஒருத்தி வந்துக்கிறாளா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“உள்ள தையல் போட்டுக்கினு இருக்காங்க. உக்காருங்க. நீங்க யாரு?”

“புருசன்.”

அவன் உட்காரவில்லை. உள்ளறைக் கதவையே பார்த்தான். “யாருக்கு அழகு காட்ட காதைத் தைக்கிறா?” என்றான். நான் எழுந்து போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது. “ஓரமா போக்கா” என்றான். “உள்ள போகக் கூடாதுங்க, ஆபரேஷன் நடக்குது” என்றேன். அப்போதுதான் அவன் குரல் மாறியது. “நான் கிழிச்சதைத் தைக்கிறதுக்கு நீங்க யாருடி?” என்று கத்திக்கொண்டே சட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவினான்.

முதல் வெட்டு கதவு நிலையில் விழுந்து மரம் பிளந்தது. அரிவாள் அதில் சிக்கிக்கொண்டது. அவன் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஓடியிருக்கலாம். படி பக்கத்தில்தான் இருந்தது. ஏன் ஓடவில்லை என்று போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், உன் அப்பா இன்றுவரை கேட்கிறார். முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் “அக்கா, அக்கா” என்று அலறிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். இரண்டாவது வெட்டு என் மேல் விழுந்தது. காதுக்கு முன்னாலிருந்து தாடைவரை. வலிக்கவில்லை கதிர். யாரோ வெந்நீரைக் கன்னத்தில் ஊற்றியது போலச் சூடாக இருந்தது. கழுத்து, ரவிக்கை, எல்லாம் நனைந்தது. நாக்கால் தொட்டபோது கன்னத்தின் உள்பக்கம் வழியாகக் காற்று வந்தது.

மூன்றாவதற்கு அவன் கையை ஓங்கியபோது என் கைக்குக் கெட்டில் எட்டியது. கொதிக்கும் தண்ணீரை அப்படியே அவன் முகத்தில் வீசினேன். அவன் போட்ட கூச்சல் கீழே தெருவரை கேட்டதாம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்தக் கூச்சல் எனக்கு இனித்தது. இன்னும் ஒரு கெட்டில் தண்ணீர் இருந்திருந்தால் அதையும் ஊற்றியிருப்பேன். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் மோதினான். அவன் கையிலிருந்து விழுந்த அரிவாளைக் காலால் தள்ளாமல் குனிந்து கையில் எடுத்தேன். எடுத்து என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதற்குள் செல்போன் கடைப் பையன்கள் ஏறி வந்து அவனைப் படியோடு இழுத்துப் போனார்கள். ஒவ்வொரு படியிலும் அவன் தலை இடித்த சத்தத்தையும், கீழே போய் அவர்கள் அவனைச் செருப்பாலும் கட்டையாலும் அடித்த சத்தத்தையும் கேட்டுக்கொண்டே நான் கதவோடு சரிந்து உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா கதவைத் திறந்தார். மீனா கட்டிலிலிருந்து தானாக இறங்கினாள். அவளுடைய இடது காது வெட்டின ஓரங்களோடு இரண்டாகத் தொங்கி, ரத்தம் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் கன்னத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள். அவள் படுத்திருந்த அதே கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தாங்காது, ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டரம்மா அங்கேயே தைத்தார். முதலில் உள்ளே, பிறகு சதை, பிறகு தோல். “பேசாதீங்க அக்கா. வாயை அசைச்சா தையல் கோணிடும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னை முடித்து, மீனாவின் காதையும் தைத்து முடித்துவிட்டு, அவர் மூலையில் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். இன்று என் முகத்தில் இருக்கும் கோடு இவ்வளவு மெல்லியதாக இருப்பதற்கு அவர்தான் காரணம். போலீஸ் கேஸ் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் அந்தத் தையலைப் பார்த்துவிட்டு, “இதை நான் தொட மாட்டேன்” என்றார்.

இதுவரைக்கும் உனக்குக் கொஞ்சம் தெரியும். இனிமேல் சொல்வது தெரியாது.

நீ அப்போது கல்லூரியில் முதல் வருஷம். ஆஸ்பத்திரியில் என் முகத்துக் கட்டைப் பார்த்துவிட்டு வெளியே போனாய். சேகர், அந்தப் புருஷன், போலீஸ் காவலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனைத் தொட உன்னால் முடியவில்லை. அதனால் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பைக்கில் திருப்புட்குழிக்குப் போய், பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த அவன் தம்பி வேலுவை ஹெல்மெட்டால் அடித்தாய். உன் வயதுதான் அவனுக்கும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் நேர்காணலுக்குப் போக நின்றிருந்தான். அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நீ வந்து கையைக்கூடக் கழுவாமல் என் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, “அம்மா, முடிச்சுட்டேன்மா. அவன் தம்பி மூஞ்சிய ஒடச்சுட்டேன்” என்றாய். உன் கண்ணில் இருந்த பெருமையை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. உன் அப்பா உனக்குச் சோறு போட்டார். என் வாய் கட்டியிருந்தது. பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் உன் கையைத் தள்ளிவிட்டேன். வலியில் தள்ளுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

கட்டு மாற்றுவதற்காக நான் கிளினிக்குக்குப் போயிருந்த அன்று வேலுவைக் கூட்டிக்கொண்டு அவன் அம்மா அங்கே வந்தார். சேகர் மேல் இருக்கும் வழக்கில் இரக்கம் காட்டச் சொல்லி டாக்டரம்மாவின் காலில் விழ வந்தவர், என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். “எம் பெரிய புள்ள பண்ணது பாவம்தான்மா. அவன எது வேணா பண்ணிக்கோங்க. சின்னதுக்கு என்னாமா தெரியும்?” என்று சொல்லி மகன் முகத்திலிருந்த துண்டை விலக்கிக் காட்டினார். முன்பல் இரண்டும் இல்லை. மேலுதடு மூக்குவரை பிளந்து, யாரோ அவசரத்தில் இரண்டு தையல் போட்டதில் ஒரு பக்கம் மேலேறி நின்றது. டாக்டரம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். “இப்படியே விட்டா ஆயுசுக்கும் வாய் கோணலாத்தான் இருக்கும். இப்பவே பிரிச்சுத் திரும்பத் தைக்கணும். விளக்குப் பிடிக்கத்தான் ஆள் இல்லை” என்றார்.

நான் எழுந்து விளக்கைப் பிடித்தேன். என் முகத்தில் கட்டு, அவன் முகத்தில் புண். தையலைப் பிரித்து, சீழ் கட்டியிருந்த ஓரத்தைச் சுரண்டியபோது அவன் உடம்பு கட்டிலைவிட்டு எழும்பியது. ஊசிக்கு முன்னால், வாய் திறக்க முடிந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், அவன் என்னிடம், “நான் கைய ஓங்கல அக்கா. யாரு அவருன்னே மொதல்ல தெரியல. ‘எங்கம்மா, எங்கம்மா’ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு” என்றான். என் பெயரைச் சொல்லி நீ அடித்திருக்கிறாய். என்னுடைய இன்னொரு கையை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். கிழிந்த காதுக்காரப் பெண்கள் பிடிப்பதைப் போலவே பிடித்திருந்தான். அவர்கள் உன் மேல் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் உனக்குப் படிப்பு இல்லை, இன்றைய பெங்களூர் வேலையும் இல்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து சமாதானமாகப் போய்விடச் சொன்னார்கள். அப்பாவும், “உனக்கு என்னா வந்துச்சு, யாரோ ஒருத்தி புருசன்கூட?” என்றார். நான் கோர்ட்டில் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன், வெந்நீரையும் சேர்த்து. மீனாவும் வந்து சொன்னாள், காதில் தோடு போட்டுக்கொண்டு வந்து சொன்னாள். சேகர் சிறைக்குப் போனான். வெளியே வந்த பிறகு ஆந்திரா பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. மீனா ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போகிறாள், தனியாகத்தான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். வேலுவைப் பற்றி மட்டும் உன்னிடம் நான் பேசவே இல்லை. பேச வந்த ஒவ்வொரு முறையும் உனக்குப் பரீட்சை, அல்லது நேர்காணல், அல்லது லீவில் வந்த ஒரு நாள். சேகருக்கு அவன் பெண்டாட்டி எப்படியோ, உனக்கு வேலு அப்படித்தான் இருந்தான்: அடிக்கத் தோதாகக் கிடைத்த ஒரு முகம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற மகனிடம் இதைச் சொல்லாமல் வேறு எந்தப் புத்திமதியைச் சொல்லி என்ன பயன்? கோபம் வரும்போது நமக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் கைக்கு எட்டுகிறார்கள். அடித்தால் இனிக்கும், எனக்குத் தெரியும். அதனால்தான் பயப்படச் சொல்கிறேன்.

போன வாரம் நிவேதா முகூர்த்தப் புடவை எடுக்க வந்தாள். அப்பா வேலை செய்யும் கடையில்தான். கண்ணாடிக்கு முன்னால் அவள் தோளில் ஒரு அரக்குப் புடவையைப் போட்டுவிட்டு நான் பின்னால் நின்றேன். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, “அத்தை, அந்த பைக் ஆக்ஸிடென்ட்ல ரொம்ப வலிச்சுதா?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, நீ அவளிடம் சொல்லிவைத்த கதை அது என்று. அவள் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று சொல்லியிருப்பாய். அந்தத் தழும்பை நீ ஏன் அழிக்கப் பார்க்கிறாய் என்பதும் எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

“ஆக்ஸிடென்ட் இல்லம்மா. ஒருத்தன் வெட்டினான்” என்றேன். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். வேலுவையும் சொன்னேன். நான் உனக்குத் துரோகம் செய்துவிட்டதாக நீ நினைத்தால் நினைத்துக்கொள். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, “இவ்ளோ நாள் பேசியிருக்கோம், இதை ஒரு தடவைகூட அவர் சொல்லலையே” என்றாள். பிறகு, “அந்த வேலு இப்ப எங்க இருக்காரு?” என்று கேட்டாள். அன்று புடவை எடுக்கவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆட்டோவில் திருப்புட்குழிக்குப் போனோம்.

நீ பெங்களூரிலிருந்து காரில் வரும்போதெல்லாம் அவன் கடையைத் தாண்டித்தான் வருகிறாய். நெடுஞ்சாலை ஓரத்தில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் கடை. மீசை அடர்த்தியாக வைத்திருக்கிறான், உதடு தெரியாது. முன்பல் இரண்டும் கட்டியவை. என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து, “வாங்கக்கா” என்றான். தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினேன். அவன் அதைப் படித்தான். உன் பெயர் வந்த இடத்தில் நின்றான். “அவரு கூப்ட்டாரா, நீங்க கூப்புடுறீங்களா?” என்று கேட்டான்.

“நான்தான்பா” என்றேன். நிவேதா, “நானும் கூப்பிடறேங்க” என்றாள்.

அவன் அவளைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தான். “நீங்கதான் பொண்ணா? வரேங்க. அக்காவுக்காவ வரேன். சாப்டுட்டுப் போயிடுவேன். மேடைக்கு மட்டும் கூப்புடாதீங்க. அங்க ஏறி வந்து அவருகிட்ட கை குடுக்க எனக்கு வராது” என்றான்.

நிவேதாவும் நானும் அதே ஆட்டோவில் திரும்பினோம். பாலுசெட்டிச் சத்திரம் தாண்டிய பிறகு, “அத்தை, அவர் இறங்கிப் போய்ப் பேசுவாரா?” என்று கேட்டாள். பேசுவான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடம் தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது என்று விட்டுவிட்டேன். “எனக்குத் தெரியலம்மா” என்றேன். உன்னை நேரில் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு வருகிறாள். எதையும் குறைத்துச் சொல்லாதே.

தழும்பை என்றைக்காவது எனக்காகத் தோன்றினால் எடுத்துக்கொள்வேன். உன் கல்யாணத்துக்கு இந்த முகத்தோடுதான் வருவேன். கல்யாணத்தன்று முதல் பந்தி நடக்கும்போது நான் உன்னைப் பார்ப்பேன். அவன் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பான். மாலையைக் கழற்ற வேண்டாம், யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அவன் மேடை ஏற மாட்டான். நீ இறங்கிப் போ.

அம்மா